கத்தியும் உப்பும்

நம் கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக்குழலைத் தழுவியபடி, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி அமைந்திருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. அயோடின் என்னும் தனிமத்தைக் கொண்டே அது தன் சுரப்புநீரை ஆக்குகிறது. உணவில் அயோடின் குறைந்தால் சுரப்பி பருத்து, முன்கழுத்துக் கழலையாகிறது. அக்கழலையை அகற்றும் கலை வளர்ந்த வரலாற்றையே இன்று நான் சொல்லப் புகுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை, மருத்துவர் இக்கழலையை அறுக்க அஞ்சினர். இரத்தப் பெருக்காலும் சீழ்பிடிப்பாலும் நோயாளிகள் பலர் மாண்டனர். 1872-இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேராசிரியரான தியோடோர் கோகெர், கிருமி நீக்கத்தையும், குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டும் பொறுமையையும் கைக்கொண்டு அவ்வச்சத்தைப் போக்கினார். சுரப்பி முழுவதையும் இழந்தவர்கள் உடல் வீங்கி, அறிவு மந்தமாகி நலிவதை 1883-இல் அவரே உலகுக்கு அறிவித்தார். எவ்வளவு விட்டுவைப்பது என்பதும் அறுவைக் கலையின் ஒரு பகுதி என்று மருத்துவ உலகம் அன்று கற்றது. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பின்னர்க் காயம் சிறுத்துக்கொண்டே வந்தது. 1997-இல் உள்நோக்குக் கருவி வழியே தைராய்டின் ஒரு மடல் அகற்றப்பட்ட செய்தி வெளியாயிற்று. கீழுதட்டின் உட்புறத்தில் மூன்று சிறு துளைகளிட்டு, கழுத்தில் வடுவின்றிச் சிகிச்சை செய்த 60 பேரின் விவரத்தை, பாங்காக் நகர மருத்துவர் அங்கூன் அனுவோங் 2016-இல் வெளியிட்டார். வயிற்று அறுவைக்கு வழங்கும் கருவிகளே இதற்குப் போதும் என்பது, வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு நற்செய்தி.

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறு துளை வழியே சிறு கட்டியைத்தான் எடுக்க இயலும். ஏழை எளியவரோ, கழலை மிகப் பருத்த பின்னரே பெரும்பாலும் மருத்துவரை நாடுகின்றனர். சுரப்பி முழுவதும் போய்விட்டால், வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டும். கழலை தோன்றாமற் காப்பதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

அதற்கு நம் நாடும் வழி காட்டியது. இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர் தோழர்களும் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். 1962-இல் பார்த்தபோது, அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. வெறும் உப்புப் பகுதியில் குறையவில்லை. அவ்வாண்டிலேயே தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

மலைநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று, மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே கீழ்புத்துப்பட்டில் வாழும் மாணவர் ஒருவர் கேட்கலாம். கடலோரத்தாருக்கு அயோடின் குறையாது என்று எண்ணிவிடலாகாது. கடல்நீரில் உள்ள அயோடின் சிறிதளவே. பாத்தியில் விளையும் உப்பில் அது பெரும்பாலும் தங்குவதில்லை. ஆகவே விளைந்த உப்பில் அயோடின் உப்பைச் சேர்க்கிறார்கள். வீட்டை எட்டும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது அதில் இருத்தல் வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ 150 மைக்ரோகிராம்தான்.

எல்லாக் கட்டிகளும் உப்பால் தடுக்கப்படுவன அல்ல. புற்றுக்கும் வேறு சில நோய்களுக்கும் கத்தி என்றும் தேவை. எனினும், தடுக்கக்கூடிய கழலையை உப்பு தடுத்தால், தேர்ந்த மருத்துவரின் நேரமும் மருத்துவமனையின் படுக்கையும் அந்நோயாளிகளுக்கே பயன்படும். ஆதலின், கடையில் உப்பு வாங்கும்போது, அயோடின் கலந்ததா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.