பெருங்காமநல்லூர் நினைவுத்தூண்

பெருங்காமநல்லூர், மதுரை மாவட்டம் உசிலம்பட்டிக்குத் தெற்கே, சேடபட்டி வட்டாரத்தில் உள்ள சிற்றூர். 1920 ஏப்ரல் 3 அன்று குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த ஊர் மக்கள்மீது ஆங்கிலேய அரசின் காவலர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 16 பேர் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக இவ்வூரில் தூண் எழுப்பப்பட்டுள்ளது.

சட்டமும் பின்னணியும்

1871-இல் வட இந்தியாவில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஒருவர் என்ன செய்தார் என்பதை இச்சட்டம் கேட்கவில்லை. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பதையே பார்த்தது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் கைரேகை தர வேண்டும். அழைத்தால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ இரவு தங்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும். கைரேகை எடுத்ததால் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றனர்.

பிறமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் செய்து அதற்கான கூலி பெற்றுவந்தவர்கள். காவல்துறை வந்தபின் அவ்வுரிமை பறிபோனது. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சமவெளியையும் செழிக்கச் செய்தபோது, மேட்டு நிலமான உசிலம்பட்டிப் பகுதி வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. பிழைப்புக்காக வெளியூர் போக வேண்டியவர்களின் காலைத்தான் ராதாரிச் சீட்டு கட்டியது.

1920 ஏப்ரல் 3

பதிவு செய்ய வந்த அதிகாரிகளிடம் ஊரார் கைரேகை தர மறுத்தனர். பேச்சு முற்றிக் கூட்டம் திரண்டபோது காவலர்கள் சுட்டனர். இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபோது அவர் கொல்லப்பட்டார் என்று ஊரில் சொல்லப்படுகிறது. இது இரு படைகள் மோதிய போர்க்களம் அன்று. அரசின் துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்கள் உழவர்கள்.

1919 ஏப்ரல் 13-இல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு ஓராண்டு நிறைவதற்குள் இது நிகழ்ந்தது. அதனால் 'தென்னாட்டு ஜாலியன்வாலா பாக்' என்றும் அழைக்கப்படுகிறது. எனினும் அமிர்தசரஸ் பள்ளிப் பாடநூல்களில் பெற்ற இடத்தை இவ்வூர் பெறவில்லை.

பின்விளைவுகள்

மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், கள்ளர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்புடன் அழைத்தனர். அரசு ஒருபுறம் சட்டத்தை நீட்டித்தது. மறுபுறம் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைகளுக்குக் கல்வி அளித்துள்ளன. குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய கொள்கையிலிருந்தே பள்ளிகளும் பிறந்தன என்பது இவ்வரலாற்றின் முரண்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது. அதிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்கள் இன்று 'சீர்மரபினர்' எனப்படுகின்றன.

நினைவிடம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று பொதுமக்களும் அரசியல் கட்சியினரும் தூணுக்கு மலர் தூவி அஞ்சலி செலுத்துகின்றனர். தேனிப் பக்கமிருந்து வருவோர் உசிலம்பட்டி வழியாக இவ்வூரை அடையலாம். பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கும் சட்டத்துக்கு ஒரு சிற்றூர் சொன்ன மறுப்பை இத்தூண் நினைவூட்டுகிறது.