ஊசியிலை பழுத்தால் வேரைப் பார்



சென்ற வாரம் தென்காசியிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். கொடைக்கானலிலிருந்து தோண்டிக் கொண்டுவந்து போன்சாய்த் தொட்டியில் வைத்த பைன் கன்று பழுப்பாகிக்கொண்டே வருகிறதாம், என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். "மருந்து வேண்டாம், முதலில் வேரைப் பாருங்கள்" என்றேன். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஒரு மரத்தை இழந்தேன். ஒரு நல்ல மனிதரின் மனத்தையும் நோகடித்தேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவியின் ஊரான இலஞ்சிக்குக் குடிவந்த பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம் இந்தப் போன்சாய். மலையில் இயற்கையாக வளர்ந்த மரத்தைத் தோண்டியெடுத்துத் தொட்டியில் பழக்குவதை ஜப்பானியர் 'யமாதோரி' என்பார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. முந்தின வருஷம் மார்ச் மாதம் கொடைக்கானலில் உறவினர் ஒருவரின் சொந்தத் தோட்டத்தில் தானாக முளைத்திருந்த பைன் கன்று ஒன்றை அவர் சம்மதத்துடன் எடுத்து வந்தேன். பஸ்ஸில் தூக்கி வரப் பாரமாக இருக்குமென்று வேரிலிருந்த மண்ணை முழுக்க உதறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வயல் மண்ணும் சாணமும் கலந்து தொட்டியில் வைத்தேன். தோட்டத்துக்கு நீரூற்ற வரும் அண்ணாச்சியிடம் காலையும் மாலையும் ஊற்றச் சொல்லிவிட்டுப் பத்து நாள் புதுச்சேரி போய்வந்தேன்.

ஆறு வாரம் வரை பச்சை மாறவில்லை. பிறகு ஒரே வாரத்தில் நுனியிலிருந்து பழுத்தது. நான் ஊரில் இல்லாதபோது அண்ணாச்சி நீர் ஊற்றவில்லை என்று முடிவு கட்டி, நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "சார்வாள், நான் ஒரு நாளும் விடல. மண்ணு ஈரமாத்தான் கெடக்கு" என்றார். நான் காது கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. பட்டுப்போன கன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகி நாறியது. புது வேர் ஒன்றுகூட இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

அப்போதுதான் பள்ளி நாளில் படித்த ஒருவர் நினைவுக்கு வந்தார். பெயர் பியேர் புவாவ்ர். பிரெஞ்சில் 'புவாவ்ர்' என்றால் மிளகு. பெயருக்கேற்ப வாழ்நாளெல்லாம் வாசனைப் பயிர்களின் பின்னால் அலைந்தவர், எங்கள் புதுச்சேரிக்கும் வந்து போனவர். 1745-ல் ஆங்கிலேயருடன் நடந்த கடற்சண்டையில் வலக்கையை இழந்தார். சாதிக்காயும் கிராம்பும் அன்று டச்சுக்காரர் கைப்பிடிக்குள் இருந்தன. ஐந்தாறு சாதிக்காய்க் கன்றுகளை அரும்பாடுபட்டு 1753-ல் மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவை பட்டுப்போயின. தோட்டப் பொறுப்பிலிருந்த ஓப்லே வேண்டுமென்றே கொன்றுவிட்டார் என்று புவாவ்ர் குற்றம் சாட்டினார். இருவருக்கும் தீராத பகை. மாதக்கணக்கில் கப்பலில் அலைந்து வந்த கன்று தானாகவும் செத்திருக்கலாம் அல்லவா? அலுவலகத்திலும் அப்படித்தான். ஒரு கோப்பு காணாமற்போனால் முதலில் ஆளைத்தான் தேடுவோம், அலமாரியை அப்புறம்தான் தேடுவோம். புவாவ்ர் 1767-ல் அதே தீவுக்கு நிர்வாகியாகத் திரும்பி வந்தார். 1770-ல் அவர் அனுப்பிய கப்பல்கள் கன்றுகளை நிறையவே கொண்டுவந்து சேர்த்தன. பாம்ப்ளமூஸ் தோட்டத்தில் கிராம்பும் சாதிக்காயும் வேர் பிடித்தன.

நம் குற்றாலத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1796-ல் ஆங்கிலேயர் மொலுக்கா தீவுகளைப் பிடித்த பிறகு, 1800-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. கிராம்பு இந்தியாவில் முதலில் வேரூன்றியது இங்கேதான் என்று விவசாய நூல்கள் சொல்கின்றன. அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் காலத்தில் கப்பலில் வரும் செடிகளில் பெரும்பகுதி உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் வழியிலேயே செத்துவிடும். 1829-ல் லண்டன் மருத்துவர் வார்ட், மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பெரணி ஒன்று தானாக வளர்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் வார்ட் பெட்டி. இலை விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கும்.

ஆனால் பெட்டி மட்டும் போதாது என்பதை ஊட்டி காட்டியது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா தரும் சின்கோனா மரத்தைக் கொண்டுவர மார்க்கம் என்பவர் 1860-ல் பெரு நாட்டுக் காட்டில் கன்றுகளைப் பிடுங்கினார். பாசியும் பாயும் சுற்றி, கோவேறு கழுதை மேல் ஏற்றி, குளிர்ந்த மலைகளைக் கடந்து, துறைமுகத்தில் வார்ட் பெட்டியில் வைத்தார். செங்கடல் வெக்கையையும் தாண்டி ஊட்டி வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே மடிந்தன. அதே சமயம் எக்வடாரில் ஸ்ப்ரூஸும் கிராஸும் அவசரப்படவில்லை. நூற்றுக்கணக்கான போத்துகளை அங்கேயே நட்டு, வேர் விட்ட பிறகே பெட்டியில் ஏற்றினார்கள். 1861-ல் கிராஸ் கூடவே இருந்து கொண்டுவந்த அந்தச் செடிகள் பிழைத்தன. மக்கைவர் அவற்றை நீலகிரியில் பெருக்கினார். இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் வேர்தான்.

இனி பைனுக்கு வருகிறேன். பைன் ஊசியிலை தடித்தது, மெழுகு பூசியது. வேர் செத்த பின்னும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஆகவே இன்று காணும் பழுப்பு ஒரு மாதத்துக்கு முந்திய தவறின் தபால். கிளையின் உட்புறப் பழைய ஊசிகள் மட்டும் உதிர்ந்தால் அது வயது, கவலை வேண்டாம். ஊசியில் பட்டை பட்டையாக நிறம் மாறினால் பூஞ்சாண நோயாக இருக்கலாம். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினால் தூசு போன்ற புள்ளிகள் ஊர்கின்றனவா? அது சிலந்திப்பேன். மரம் முழுக்க நுனியிலிருந்து பழுத்தால் வேரில் கோளாறு. பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

வேர் மண்ணை நான் உதறியது இன்னொரு பிழை. பைன் வேரோடு வெள்ளை நூல்போல ஒரு பூஞ்சை கூட்டுக்குடித்தனம் செய்கிறது. 1885-ல் ஜெர்மானியர் ஃபிராங்க் இதற்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் வைத்துப் பார்த்த முயற்சிகள் பல ஆண்டுகள் தோற்றன. 1955-ல் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே கன்றுகள் தேறின. தென்னிந்தியாவுக்கும் பைன் வந்தேறிதான். நம் வயல் மண்ணில் அதன் கூட்டாளி எங்கே இருக்கும்?

மறுபடி சாரல் காலத்தில், அதே தோட்டத்தில் சிறு கன்று ஒன்றை மண்ணுருண்டையோடு சாக்கில் கட்டி எடுத்து வந்தேன். ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் கலந்து, நீர் தங்காதபடி வைத்தேன். ஆரியங்காவு கணவாய்க் காற்று ஆட்டினால் புது வேர் அறும் என்பதால் தொட்டியோடு இறுகக் கட்டினேன். வேப்பமர நிழல் கொடுத்தேன். உரம் இல்லை, கத்தரி இல்லை. பச்சை ஊசிதான் புது வேருக்குச் சோறு போடுகிறது, அதை வெட்டக் கூடாது. மேல் மண் காய்ந்தால் மட்டும் நீர், இடையில் இலைக்கு மட்டும் தெளிப்பு.

ஆனால் கன்றைத் தொட்டியில் வைப்பதற்கு முன்னால் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுதுதான் அண்ணாச்சி, வேர் அழுகிப் போயிருந்தது" என்றேன். அவர் வேறெதுவும் பேசவில்லை. "அத அன்னைக்கே புடுங்கிப் பாத்திருக்கலாம்லா சார்வாள்" என்றார். மறுநாள் காலை வந்துவிட்டார்.

இரண்டாவது கன்றிலும் பாதி ஊசி பழுத்தது. இந்த முறை இருவரும் பதறவில்லை. மாசி மாதம் நுனியில் மெழுகுவர்த்தி போல ஒரு வெளிர் மொட்டு நிமிர்ந்தது. முதலில் பார்த்தவர் அண்ணாச்சிதான். இலஞ்சி வெயிலை இந்த மலைமரம் எத்தனை கோடை தாங்குமோ, முருகன் விட்ட வழி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, நம் ஊருக்குப் பெயர் தந்த மகிழமரத்தையே தொட்டியில் வைத்துப் பழகுங்கள். இலஞ்சி என்றாலே மகிழ் என்றும் ஒரு பொருள் உண்டல்லவா?

தொலைபேசியில் கேட்ட நண்பர் நேற்று மறுபடி அழைத்தார். வேரைப் பார்த்தாராம், ஒரு பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்கிறதாம். தண்ணீரைக் குறைத்து நிழலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் யாரையும் திட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.