பயணிகள் கண்ட ஊர்களும் ஒரு நூலகத்தின் நூறாண்டும்

ஏதென்ஸில் லிகாவிட்டோஸ் குன்றின் சரிவில் கெனாடியஸ் நூலகம் திறக்கப்பட்டது 1926 ஏப்ரல் 23 அன்று. நூறாண்டு காணும் இந்நூலகத்தின் பெருமைகளுள் முதலில் சொல்ல வேண்டியது, ஐரோப்பியப் பயணிகள் கிரேக்க நாட்டைப் பற்றி எழுதிய நூல்களின் தொகுப்பு.

நிறுவனர் யோவான்னிஸ் கெனாடியஸ் (1844–1932) லண்டனில் கிரேக்கத் தூதராக இருந்தவர். கிரேக்கத்தைப் பற்றி எந்த மொழியில் எது அச்சானாலும் தேடி வாங்கினார். பணமுடையால் 1895இல் ஒரு பகுதியை ஏலத்தில் விற்க நேர்ந்தது. ஆனாலும் சேர்ப்பதை விடவில்லை. 1922இல் சுமார் 26,000 நூல்களை ஏதென்ஸிலுள்ள அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளிக்கு வழங்கினார். தொகுப்பு சிதறாமல் தனிக் கட்டடத்தில், தம் தந்தை பெயரில் இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நிலத்தைக் கிரேக்க அரசு தந்தது. கட்டடச் செலவைக் கார்னெகி அறநிறுவனம் ஏற்றது.

பயணிகள் தேடி வந்தது பழங்காலத்தை. பௌசானியாஸின் பழைய வழிநூலைத் துணைக்கொண்டு கோயில்களையும் கல்வெட்டுகளையும் தேடினார்கள். தேடிப் போன இடத்தில் கண் முன்னே இருந்ததோ ஆட்கள் வாழும் ஊர். டெல்ஃபியின் இடிபாடுகள் மீது கஸ்த்ரி என்ற கிராமம் இருந்தது. 1676இல் அங்கு சென்ற ஃபிரெஞ்சு மருத்துவர் ஸ்போனும் ஆங்கிலேயர் வீலரும் அதைக் குறித்து வைத்தார்கள். 1890களில் அகழாய்வுக்காகக் கிராமமே வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய கஸ்த்ரியை அறிய இன்று இத்தகைய குறிப்புகளே பெரிய துணை.

தெஸ்ஸலியின் அம்பெலாக்கியா இன்னொரு சான்று. மலைச்சரிவிலிருந்த இவ்வூரார் கூட்டாக நூலுக்குச் சிவப்புச் சாயம் தோய்த்து ஆஸ்திரிய, ஜெர்மானியச் சந்தைகளுக்கு அனுப்பினார்கள். சலோனிகாவில் ஃபிரெஞ்சுத் தூதரக அதிகாரியாக இருந்த பெலிக்ஸ் போஜூர் 1800இல் வெளியிட்ட வணிக நூலில் இங்கு 24 சாயப்பட்டறைகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார். பின்னர் இங்கிலாந்தின் இயந்திர நூல் சந்தையைப் பிடிக்க, இத்தொழில் நொடித்தது.

எல்லாப் பயணியையும் அப்படியே நம்பிவிட முடியாது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் உடன்சென்ற மருத்துவர் பூக்வில், திரும்பும் வழியில் 1798இல் பிடிபட்டு, மொரேயாவின் (தென் கிரேக்கத்தின் பெலோப்பொனீஸ் தீபகற்பம்) தலைநகரான திரிபோலிட்சாவில் சிறைவைக்கப்பட்டார். அந்த அனுபவத்தையும் கேள்விப்பட்டதையும் சேர்த்து 1805இல் நூலாக்கினார். பிரிட்டிஷ் படை அதிகாரி லீக் அதே 1805இல் அப்பகுதியை நேரில் சுற்றினார். ஊருக்கு ஊர் தொலைவைக் குதிரைப் பயணத்தின் மணி, நிமிடக் கணக்கில் குறித்தார். அவருடைய மொரேயா நூல் மூன்று தொகுதிகளாக வந்தது 1830இல். ஒருவர் கைதி, மற்றவர் போர்க்கண்ணோடு வழியளந்தவர். இருவர் நூலிலும் ஒரே ஊர் ஒன்றுபோல் இராது. பின்னர் நடந்த கிரேக்க விடுதலைப் போரில் திரிபோலிட்சா சீரழிந்துபோனதால், போருக்கு முந்தைய அவ்வூரை அறிய இவ்விரண்டையும் ஒப்பிட்டே படிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். நூலகத் தலைவராயிருந்த ஷெர்லி வெபர் 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் பயண நூல்களுக்கு இரு பட்டியல்களை வெளியிட்டு அந்த வழியைத் திறந்தார். நல்ல நூலை மட்டும் பொறுக்கி வைத்திருந்தால் ஒப்பிட இடமிராது. பிழையுள்ளதையும் ஒதுக்காமல் சேர்த்த கெனாடியஸின் பேராசையே சிற்றூர்களின் வரலாற்றை எழுதுவோருக்கு இன்று முதலாகியிருக்கிறது.