பால் உறையும் இடம்

சக்கரத்துக்குள் அந்த வெள்ளைத் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

“என்னய்யா அது, தோட்டத்து ஸ்டோர் வாடை வருது?”

தைப்பிங்கில் எங்கள் வீட்டு முன்வாசல். என் மலைச் சைக்கிளை டியூப்லெஸ் ஆக்கும் வேலையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். டியூபைக் கழற்றியாயிற்று. ரிம்மின் உட்புறத்தைத் துடைத்து, கம்பிகளுக்கான 32 ஓட்டைகளையும் மறைத்து டேப் ஒட்டி, வால்வைச் செருகி, டயரை மாட்டி, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பம்பு அடித்தால், புஸ்ஸென்று காற்று பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. கை ஓய்ந்தபிறகுதான் விஷயம் புரிந்தது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காராது, ஒரே வீச்சில் போகணும். வால்வின் உள்பகுதியைத் திருகி எடுத்துவிட்டு, பக்கத்துத் தெரு டயர்க்கடைக்குத் தூக்கிப்போய்க் கம்ப்ரசரில் காற்றுப் பிடித்ததும் டப், டப் என்று இரண்டு சத்தம். விளிம்பு உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காற்றை இறக்கி, வால்வு வழியாக 100 மில்லி சீலண்ட் ஊற்றினேன். அந்த வாடைதான் அம்மாவுக்குப் போயிருக்கிறது.

நான் வாங்கிய சீலண்டில் முக்காலும் இயற்கை ரப்பர் பால். உறையாமலிருக்க அம்மோனியா கலந்தது. அம்மா பேராக்கில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். வாளியில் பால் கட்டிப்போகாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக விடும் ‘மருந்து’ இந்த அம்மோனியாதான்.

“மரத்துப் பால்தாம்மா. டயர்ல முள்ளு குத்துனா தானா அடைச்சிக்கும்.”

“பாலையா காசு குடுத்து வாங்கின?” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தின் கதையும் அம்மாவின் கதையும் எங்கே சந்தித்துக்கொண்டன என்று அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

காற்றடைத்த டயரின் வரலாறு என்று படித்தால் ஒரு பெயர் முதலில் வரும்: ஜான் பாய்ட் டன்லப். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அது நிலைக்கவில்லை. 1845-லேயே இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பின்னால் தெரியவந்தது. ரப்பர் பூசிய கித்தான் குழாய், அதற்கு மேல் தோல் உறை, இதுதான் தாம்சனின் சக்கரம். லண்டனில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். சைக்கிளே வராத காலம் அது, வாங்க ஆளில்லை.

டன்லப்பின் டயருக்கும் ஒரு பெரிய குறை இருந்தது. ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்தெடுத்து, அடைத்து, மறுபடி ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்கணும். பிரான்சில் மிஷலின் சகோதரர்களின் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி பழுதுக்கு வந்தது. சரிசெய்யப் பல மணி நேரம், காய ஒரு ராத்திரி. அதில் எரிச்சலான எதுவார் மிஷலின் 1891-இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார். அதே வருடம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரோடு ஜெயித்தார். டயருக்குள் டியூப், ஓட்டை விழுந்தால் கழற்றி ஒட்டு போடு என்ற ஏற்பாடு இன்றுவரை தெருவோரப் பஞ்சர்க் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கார்கள் டியூபைக் கைவிட்டது 1950-களில். அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தின் ஃபிராங்க் ஹெர்செக், டயரின் உட்சுவரிலேயே காற்று கசியாத ரப்பர் அடுக்கு ஒன்றை வைத்து 1952-இல் காப்புரிமை பெற்றார். சைக்கிளுக்கு அது வர ஏன் இன்னும் அரை நூற்றாண்டு ஆனது? காரின் ரிம் ஓட்டையில்லாத இரும்புத் தகடு. சைக்கிள் ரிம்மிலோ கம்பிக்குக் கம்பி ஓட்டை.

தேவையும் அதுவரை பெரிதாக இல்லை. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டியதிலிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. மண் பாதையில் பிடிமானம் வேண்டுமானால் காற்றைக் குறைக்கணும். குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி என்றே அதற்குப் பெயர். 1999-இல் மவிக், ஹட்சின்சன், மிஷலின் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, உட்பக்கம் ஓட்டையே இல்லாத ரிம்மும் அதற்கேற்ற டயரும் கொண்டுவந்தன. கசியவில்லை, ஆனால் எடை கூடுதல். சில வருடங்களில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டான் கோசியாடெக் வேறு வழியில் போனார். சாதாரண ரிம்மின் ஓட்டைகளை மூடிவிடு, லேசான டயரையே போடு, மிச்சக் கசிவை ரப்பர் பால் பார்த்துக்கொள்ளும். என் முன்வாசலில் நடந்தது இந்த வழிதான்.

பால் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? அம்மோனியா இருக்கும்வரை பாலிலுள்ள ரப்பர் துளிகள் ஒன்றையொன்று விலக்கி நீரில் மிதக்கின்றன. ஓட்டை விழுந்ததும் காற்றின் வேகம் பாலை அந்த வழியாக இழுக்கிறது. அங்கே துளிகள் உரசி, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. இதில் மனிதன் புதிதாகக் கண்டுபிடித்தது குறைவு. மரமும் தன் காயத்தை இப்படித்தான் மூடிக்கொள்கிறது. பட்டையில் வெட்டு விழுந்தால் பால் வழிந்து, வெட்டுவாயில் உறைந்து, ஓட்டம் நிற்கும்.

மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அந்தச் செயலைத் தடுப்பதுதான் தோட்டத் தொழிலின் அடிப்படை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்திச் சாகடிக்காமல், ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவினால் பால் கூடுகிறது என்று கண்டார். ஆறப்போகிற காயத்தை ஆறவிடாமல் திறப்பது, அவ்வளவுதான்.

திறக்கக் கைகள் வேண்டும், லட்சக்கணக்கில். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். என் தாத்தா அப்படி வந்தவர். 1920-களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது, அதில் பெரும்பகுதி டயருக்கு. தாம்சன், டன்லப், மிஷலின் என்று சக்கரத்தின் பக்கம் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. மரத்தின் பக்கம் நான் தேடிப் பிடிக்க முடிந்தது தாத்தாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் மட்டும்தான்.

அம்மாவின் தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை. செம்பனை போட்டுவிட்டார்கள். லயங்களும் இடிந்துபோயின. நானும் நண்பர்களும் வாரக் கடைசியில் சைக்கிள் ஓட்டுவது அந்தச் செம்மண் பாதைகளில்தான். செம்பனை மட்டையின் முள் ஊசி மாதிரி, டியூப் காலத்தில் நான் பஞ்சர் ஒட்டாமல் திரும்பிய நாள் குறைவு. டியூப்லெஸ் போட்ட மறுவாரமும் முள் ஏறியது. உஸ் என்று சத்தம், டயரில் வெள்ளையாக ஒரு தெறிப்பு, சக்கரம் நாலு சுற்று சுற்றியதும் நின்றுவிட்டது. மீதி 20 கிலோமீட்டரும் இறங்காமல் ஓட்டினேன்.

வீட்டில் சைக்கிளைக் கழுவும்போது அம்மா குனிந்து பார்த்தார். டயரில் சின்னதாக, பழுப்பேறி ஒரு கட்டி.

“அட, ஒட்டுப்பாலு” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கை போய்விட்டது. வெட்டுவாயில் காய்ந்த ஒட்டுப்பாலை நகத்தால் கெல்லி, ஒரே இழுப்பில் உரித்துப் போட்ட கை. உஸ்ஸென்று காற்று சீறி, பால் அம்மாவின் விரலில் வழிந்தது. பதறிப்போய்ச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது.

“எம்புட்டு வருஷமாச்சு, கை மறக்க மாட்டேங்குதேய்யா” என்றார் அம்மா. விரலை உடனே கழுவவில்லை. பால் காயும்வரை வெயிலில் நீட்டி வைத்திருந்துவிட்டு, பிறகு மெதுவாக உரித்தெடுத்தார்.