மஞ்சளில்லாத மஞ்சள் கரு

முட்டையை உடைத்து ஊற்றியதும் நம் கண் போவது கருவின் நிறத்துக்குத்தான். ஆரஞ்சாக இருந்தால் நாட்டுக்கோழி, சத்தானது. வெளிறிக் கிடந்தால் பண்ணை முட்டை, 'இதுல ஒண்ணும் இல்ல'. இதே சந்தேகம் நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்களை எதிரெதிர் பக்கம் நிறுத்தியது. நிறம்தான் சத்தா, அல்லது நிறம் வேறு சத்து வேறா?

கருவின் மஞ்சளுக்குப் பெயர் வந்தது 1869இல். லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் துடிக்கும் அதை 'லூட்டின்' என்றார். 1912இல் வில்ஷ்டாட்டரும் எஷரும் 6000 முட்டைகளின் கருவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது சில கிராம்தான். (அத்தனை வெள்ளைக்கருவை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி.) அந்தச் சில கிராம் ஒன்றைத் தெளிவாக்கியது: கருவில் இருப்பது இலையில் இருக்கும் சாந்தோஃபில் வகை நிறமி. கோழிக்கு இதைச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாது. செடி தயாரிக்கிறது, கோழி தின்று கருவில் சேர்த்துவைக்கிறது.

மிசௌரி பல்கலைக்கழகத்தில் லீராய் பால்மர் இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்த்தார். நிறமியே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? கோழித்துறையைச் சேர்ந்த கெம்ப்ஸ்டருடன் சேர்ந்து, குஞ்சிலிருந்தே மஞ்சள் எதுவும் படாத தீவனத்தில் கோழிகளை வளர்த்தார். வெள்ளை மக்காச்சோளம், கொழுப்பு நீக்கிய பால், கொஞ்சம் பன்றி ஈரல். கோழிகள் நன்றாக வளர்ந்தன, முட்டையிட்டன. கருவில் மஞ்சள் இல்லை. அந்த முட்டைகளிலிருந்தும் ஆரோக்கியமான குஞ்சுகள் பொரிந்தன. 1919இல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு நேரடியானது: உயிர் வாழவும் இனம் பெருகவும் கோழிக்கு இந்த நிறமி தேவையில்லை.

அதே 1919இல் விஸ்கான்சினில் ஹாரி ஸ்டீன்பாக் நேர் எதிரான திசையில் போய்க்கொண்டிருந்தார். மஞ்சள் மக்காச்சோளம் தின்ற எலிகள் வளர்ந்தன. வெள்ளை மக்காச்சோளம் தின்றவை தேங்கின. கேரட்டும் மஞ்சள் சர்க்கரைவள்ளியும் பலன் தந்தன. கொழுப்பில் கரையும் அந்த மர்மமான சத்து, அதாவது வைட்டமின் ஏ, மஞ்சள் நிறத்தோடு ஏதோ வகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். ஆனால் மீன் ஈரல் எண்ணெய் அவருக்குத் தலைவலியாக இருந்தது. அதில் சத்து ஏராளம், மஞ்சளோ பேருக்குத்தான்.

இப்போது திரும்பிப் பார்த்தால் பால்மரின் தீவனப் பட்டியலிலேயே விடை இருக்கிறது. பன்றி ஈரல்! அதில் வைட்டமின் ஏ ஏற்கெனவே தயார் நிலையில் இருந்தது. ஆகவே கோழிகளுக்கு மஞ்சள் தேவைப்படவில்லை. ஸ்டீன்பாக்கின் எலிகளுக்கு ஈரல் இல்லை, மஞ்சள் மக்காச்சோளம்தான் ஒரே வழி. இரண்டு சோதனையும் சரி. உள்ளே போன பொருள்தான் வேறு. 1930 வாக்கில் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் எலிகளுக்குக் கரோட்டின் கொடுத்து, அது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறி ஈரலில் சேர்வதைக் காட்டியதும் முடிச்சு அவிழ்ந்தது. மஞ்சள் என்பது மூலப்பொருள். உடல் அதை வெட்டிச் சத்தாக்கும்போது நிறம் போய்விடுகிறது.

நம் தட்டில் இருக்கும் முட்டைக்கு இதில் ஒரு விசித்திரமான விளைவு உண்டு. வைட்டமின் ஏ ஆகக்கூடிய பீட்டா கரோட்டினைக் கோழி பெரும்பாலும் மாற்றிவிடுகிறது, கருவுக்குப் போவது சொற்பம். கருவில் படிவது லூட்டினும் ஸியாசாந்தினும். இவை வைட்டமின் ஏ ஆகவே ஆகாது. எனவே தீவனத்தில் வைட்டமின் கலவை போட்ட பண்ணையின் வெளிறிய முட்டையில், ஆரஞ்சுக் கருவைவிட அதிக வைட்டமின் ஏ இருக்கலாம்.

பால்மரும் கெம்ப்ஸ்டரும் இன்னொன்றும் பார்த்தார்கள். மஞ்சள் காலுள்ள கோழி முட்டையிட ஆரம்பித்தால் கால் வெளுக்கும். அப்போதே பண்ணைக்காரர்கள் இதை வைத்து நல்ல முட்டைக்கோழியைக் கண்டுபிடிப்பார்கள். காலிலிருந்து மஞ்சளை உறிஞ்சி முட்டைக்கு அனுப்புகிறது என்று தோன்றும். அப்படியில்லை. தீவனத்தில் வரும் புது மஞ்சள் கருவுக்குத் திரும்பிவிடுவதால் காலுக்கு வரத்து நின்றுபோகிறது, பழையது மெல்ல மறைகிறது.

நிறம் தேவையில்லை என்று அறிவியல் சொன்னது, சந்தை கேட்கவில்லை. கோழிகள் கூண்டுக்குப் போன பிறகு புல்லும் கீரையும் கிடையாது. தீவனத்தில் மஞ்சள் மக்காச்சோளத்துக்குப் பதில் கம்போ குருணையோ கூடினால் கரு வெளுக்கும். அந்த இடத்துக்கு வந்தது செண்டுமல்லி. மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றிய இந்தப் பூ நமக்குக் கோயில் மாலை, ஆயுத பூஜை. நிறமி ஆலைக்கு அது லூட்டின் சுரங்கம். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஆலைகளுக்காகவே பயிரிடுகிறார்கள். பூவைக் காற்றுப்புகாமல் ஊறவைத்து, உலர்த்தி, கரைப்பான் கொண்டு பிசின் போன்ற சாற்றை எடுக்கிறார்கள். காரத்தோடு வினைபுரியச் செய்து லூட்டினை விடுவித்தால் கோழிக்கு எளிதில் சேரும்.

எவ்வளவு போடுவது என்பதற்கு அளவுகோல் ரோஷ் நிறுவனம் உருவாக்கிய நிற விசிறி. வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் ஆரஞ்சில் முடியும் பட்டைகள். உடைத்த கருவுக்குப் பக்கத்தில் விரித்து எண் சொல்வார்கள். ஜெர்மானியர்களுக்கு அடர் நிறம்தான் பிடிக்கும்.

லூட்டின் வெறும் சாயமும் அல்ல. நம் விழித்திரையின் நடுவே இருக்கும் மஞ்சள் புள்ளியில் படிவது அதுவும் ஸியாசாந்தினும்தான். கருவின் கொழுப்போடு சேர்ந்து வருவதால் நம் உடல் அதை நன்றாக ஏற்கிறது. அப்படியென்றால் அடர்ந்த கரு கண்ணுக்கு நல்லதா? இங்கேதான் விசிறி ஏமாற்றுகிறது. மஞ்சள் நிறமியை மட்டும் எவ்வளவு கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் எண் ஏறாது. அதற்கு மேல் ஆரஞ்சு வேண்டுமென்றால் சிவப்பு சேர்க்க வேண்டும், மிளகாய்ச் சாறு மாதிரி. 8இலிருந்து 13க்குப் போன முட்டையில் கூடியிருப்பது பெரும்பாலும் அந்தச் சிவப்புதான், லூட்டின் அல்ல.