ஓர் அணி தன் நட்சத்திரத்துக்கு என்ன செய்கிறது?

அணி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தனிமனிதர்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். முத்தையா முரளிதரன் என்றால் 800 விக்கெட்டுகள். தர்ஜினி சிவலிங்கம் என்றால் அவரது உயரம். இந்த எண்களுக்குப் பின்னால் நின்றவர்கள் யார், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமற் போனவர்கள் யார் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. வன்னியில் திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டு கைதட்டிய பின் நாம் என்ன செய்கிறோம் என்பதோடு தொடர்புடைய கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, மெல்பேண் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியின் முதல் நாள். நடுவர் டரல் ஹெயர், முரளிதரனின் மூன்று ஓவர்களில் ஏழு பந்துகளை எறிபந்து எனக் கூறி நோபோல் அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்துவீச்சாளரை ஒளித்துவைக்கவில்லை. மறுமுனைக்கு மாற்றி, மற்ற நடுவரான ஸ்டீவ் டன் நின்ற பக்கத்திலிருந்து தொடர்ந்து வீசச் செய்தார். அங்கிருந்து வீசிய பந்துகளுக்கு நோபோல் அறிவிக்கப்படவில்லை. பத்து நாட்களின் பின், 1996 ஜனவரி 5ஆம் திகதி பிரிஸ்பேனில் நடந்த ஒருநாள் போட்டியில் ரொஸ் எமர்சன் என்ற நடுவர் மீண்டும் அதையே செய்தார்.

அந்த நாட்களில் எங்கள் மக்களுக்குக் கிரிக்கெட் ஒரு பொருட்டாக இருந்திருக்க நியாயமில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து சனம் வன்னிக்கு வந்துகொண்டிருந்தது. மின்சாரமும் மின்கலமும் இல்லாத ஊர்களில் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்த வானொலியில் போர்ச் செய்திகளுக்கு நடுவே முரளியின் பெயரும் வந்தது. மலையகத்தின் வாசலான கண்டியில் பிறந்த தமிழர் ஒருவருக்காகச் சிங்கள அணித்தலைவர் ஒருவர் நிற்கிறார் என்ற செய்தியை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாத குழப்பம் பலருக்கும் இருந்தது. முரளியின் பிற்கால அரசியற் கருத்துகள் பற்றி நம்மவர் மத்தியில் உள்ள கசப்பையும் நான் அறிவேன். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். இங்கே நான் பேசுவது ஓர் அணியின் நடத்தை பற்றி மட்டுமே.

அந்த நடத்தையில் மூன்று படிகள் இருந்தன. முதலாவது, தலைவர் பகிரங்கமாக உடன் நின்றது. இரண்டாவது, அந்த நிலைப்பாட்டுக்கு நிறுவனம் சான்று தேடியது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் முரளியின் கையசைவு விஞ்ஞானமுறையில் பரிசோதிக்கப்பட்டது. பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கையும், வழமைக்கு மாறான மணிக்கட்டு அசைவும் சேர்ந்து, எறிவது போன்ற தோற்றத்தை ஏற்படுத்துகின்றன என்பது ஆய்வின் முடிபு. தலைவரின் துணிச்சல் ஒரு நாளைக்குப் போதும். ஒரு விளையாட்டு வாழ்வு முழுமைக்கும் அது போதாது. ஆய்வறிக்கை கையில் இருந்தமையாலேயே அடுத்த ஆண்டுகளில் அவர் பந்துவீச முடிந்தது.

மூன்றாவது படியை விளங்கிக்கொள்ள 1998 ஓகஸ்ட் இறுதியில் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த டெஸ்டைப் பார்க்க வேண்டும். நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, துடுப்பாட்டத்துக்கு உகந்த ஆடுகளத்தில் இங்கிலாந்தை முதலில் ஆடவிட்டார். பலரும் வியந்தனர். காரணம் எளிமையானது. இலங்கை முதலில் ஆடினால், இங்கிலாந்தின் இரண்டு இன்னிங்ஸ்களிலும் முரளி அடுத்தடுத்து வீச நேரலாம். எதிரணி முதலில் ஆடினால், இடையில் தன் அணி துடுப்பெடுத்தாடும் நேரம் அவருக்கு ஓய்வாகும். இங்கிலாந்து 445 ஓட்டங்கள் பெற்றது; முரளி 59.3 ஓவர்கள் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார். பின்னர் சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152 எனக் குவிக்க இலங்கை 591 ஓட்டங்களை எட்டியது. ஓய்வெடுத்து வந்த முரளி, இரண்டாம் இன்னிங்ஸில் 54.2 ஓவர்களில் 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மீதமிருந்த ஒருவர் ரன் அவுட் ஆனார். பத்து விக்கெட்டுகளால் வெற்றி. இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் வெற்றி.

அந்தப் 16 விக்கெட்டுகள் முரளியின் பெயரிலேயே பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒரு பங்கு நாணயச் சுழற்சியின்போது எடுக்கப்பட்ட தீர்மானத்துக்கும் உரியது, இரண்டு நாட்கள் துடுப்பெடுத்தாடியவர்களுக்கும் உரியது. முரளியின் பந்துகளில் மஹேல ஜயவர்தன பிடித்த பிடிகள் மட்டும் 77. விக்கெட் காப்பாளர் அல்லாத ஒரு களத்தடுப்பாளரும் ஒரு பந்துவீச்சாளரும் இணைந்து டெஸ்டில் நிகழ்த்திய மிகப் பெரிய சாதனை அதுதான். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் எண்ணூறாவது விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜா ஆட்டமிழந்தபோதும் பிடித்தவர் ஜயவர்தனவே.

உடன் நிற்பதற்கு விலையும் உண்டு. 1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில் இங்கிலாந்துடனான ஒருநாள் போட்டியில் எமர்சன் மறுபடியும் நோபோல் அறிவித்தார். ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார், ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கிய பின் அவர் நடுவரிடம் நடந்துகொண்ட விதம் கண்டனத்துக்குள்ளானது. ஒத்திவைக்கப்பட்ட தடையும் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் செய்த எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அன்று 303 ஓட்டங்களைத் துரத்திய அணி, ஜயவர்தனவின் 120 ஓட்டங்களோடு ஒரேயொரு விக்கெட் கையிருக்க வென்றது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தங்களுள் ஒருவரைத் தலைவர் கைவிடமாட்டார் என்று கண்ட அணி அது.

2004இல் 'தூஸ்ரா' என்ற பந்து குறித்துப் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் முறைப்பாடு செய்தபோது, கிரிக்கெட் சபை அப்பந்தை வீசாதிருக்குமாறு முரளியைப் பணித்தது. அதேவேளை பரிசோதனைகள் தொடர்ந்தன. பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நிமிர்கிறது என்பது ஆய்வுகளில் வெளிப்பட, 2005இல் அனைவருக்கும் 15 பாகை என்ற பொது எல்லை நடைமுறைக்கு வந்தது. விதி ஒருவருக்காக மாற்றப்பட்டது என்று இன்றும் சொல்வோர் உளர். அளந்து பார்க்காமல் வகுக்கப்பட்ட விதி, அளந்து பார்த்தபின் திருத்தப்பட்டது என்பதே பொருத்தமான வாசிப்பு.

இனி, மறுபக்கம். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் குவாட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. தாக்குதல் முழுவதும் அவர் கையிலிருந்தே தொடங்குகிறது. எதிரணியினர் அவரை வீழ்த்தாதபடி முன்வரிசையில் ஐவர் அரண் போல் நிற்பர். அந்த ஐவரின் பெயர் இரசிகர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 2012இல் அன்ட்ரூ லக் என்ற இளைஞரை அவ்வாண்டின் முதலாவது தெரிவாக எடுத்தது. அரண் பலவீனமாக இருந்தது. ஆண்டுக்காண்டு அடிபட்டார், சிறுநீரகத்திலும் தோளிலும் காயங்கள், 2017ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. 2018இல் முன்வரிசைக்கென்று அணி தன் முதற்சுற்றுத் தெரிவைச் செலவிட்டது. அவ்வாண்டு லக் மிகச் சிறப்பாக ஆடினார். ஆயினும் உடலும் மனமும் களைத்துவிட்டன. 2019 ஓகஸ்டில், 29 வயதில், ஓய்வை அறிவித்தார். மைதானத்தைவிட்டு வெளியேறிய அவரைச் சொந்த இரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தனர். காவல் இல்லாத தோட்டத்தில் காய்க்கவில்லை என்று மரத்தை வைதவர்கள் அவர்கள்.

அவ்வளவு தூரம் போகாமலே நம் வீட்டுக்குள்ளும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ். மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் எய்பவராக ஆடியவர். வலைப்பந்தாட்டத்தின் விதிகள் எழுவரையும் ஒருவரோடொருவர் கட்டிவைக்கின்றன. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிகளுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. கோல் எய்ய இருவருக்கு மட்டுமே அனுமதி. எய்பவர் தன் முனையிலுள்ள மூன்றிலொரு பகுதியைத் தாண்டி வந்து பந்தைத் தேடவும் முடியாது. எத்தனை உயரமானவராயினும், நடுப்பகுதியிலிருந்து பந்து வந்து சேராவிட்டால் அவர் வெறும் பார்வையாளரே.

2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2018இல் சிங்கப்பூரை 69 – 50 எனத் தோற்கடித்து மீண்டும் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். 2019 ஜூலையில் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்களுடன் தொடரிலேயே அதிக கோல்கள் எய்தவர் அவரே. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து அணிகளின் எய்பவர்களும் அவருக்குப் பின்னால்தான். அந்தத் தொடரில் இலங்கை பெற்ற இடம், 16 அணிகளில் 15ஆவது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பந்து அவர் கைக்கு எட்டிய போதெல்லாம் கோல் விழுந்தது. எட்டுவதற்கு முன் பறிக்கப்பட்ட பந்துகளும், மறுமுனையில் தடுக்க முடியாமற்போன கோல்களும் அணியை 15ஆம் இடத்தில் நிறுத்தின. சக வீராங்கனைகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்கள் எதிர்கொண்டவர்களுள் தொழில்முறை வீராங்கனைகளும் இருந்தனர். ஒரு நட்சத்திரம் கிடைத்துவிட்டது, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று ஓர் ஏற்பாடு அமைதியடையும்போது நேர்வது இதுதான். அப்போது தர்ஜினிக்கு வயது 40. அந்த வயதிலும் அவருக்கு மாற்றாக ஒருவர் வளர்ந்திருக்கவில்லை என்பதே அந்த ஏற்பாட்டைப் பற்றிய தீர்ப்பு.

முரளியை நன்றாகத் தாங்கிய கிரிக்கெட் அணியும் இந்த இடத்தில் தப்பவில்லை. அவர் 2010 ஜூலையில் விடைபெற்ற பின் அடுத்த டெஸ்ட் வெற்றிக்கு இலங்கை 17 மாதங்கள் காத்திருந்தது. 2011 டிசெம்பரில் டர்பனில் தென்னாபிரிக்காவை வென்றபோது 9 விக்கெட்டுகளை எடுத்தவர் ரங்கன ஹேரத். அவர் டெஸ்டில் அறிமுகமானதோ 1999இல். ஒரு தசாப்தத்துக்கு மேலாக ஆலமரத்தின் நிழலில் நின்ற அந்தச் சுழற்பந்து வீச்சாளர், பின்னர் தன் பெயரில் 433 விக்கெட்டுகளைச் சேர்த்தார். அவரை முன்பே இன்னும் கூடுதலாகப் பயன்படுத்தியிருந்தால் முரளியின் தோளும் சற்று இளைப்பாறியிருக்கும். டெஸ்ட் போட்டிகளில் மட்டும் 44,039 பந்துகளை வீசிய தோள் அது.

வன்னிக்கு வருவோம். முரளி ஓவலில் பந்துவீசிக்கொண்டிருந்த 1998 ஓகஸ்டில் மாங்குளத்தைச் சூழ ஜெயசிக்குறுப் போர் நடந்துகொண்டிருந்தது. 2012இல் அதே மாங்குளத்திலும், கிளிநொச்சியிலும், ஒட்டுசுட்டானிலும் முரளியின் பெயரிலான நல்லிணக்கக் கிண்ணத்துக்கான கிரிக்கெட் போட்டிகள் நடந்தன. தென்னிலங்கைப் பாடசாலை அணிகள் வந்து நம் பிள்ளைகளோடு ஆடின. அதனை வெறும் காட்சியென்றோரும் உண்டு, நல்ல தொடக்கமென்றோரும் உண்டு. எப்படியாயினும், ஒரு வாரச் சுற்றுப்போட்டியில் திறமை அடையாளம் காணப்படலாம். வளர்க்கப்படுவது எஞ்சிய 51 வாரங்களில்.

அந்த 51 வாரங்களில் நாம் செய்வது என்ன? முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பெடியன் உதைபந்தாட்டத்தில் மின்னுகிறான், கிளிநொச்சியில் ஒரு பிள்ளை தேசிய மட்டத்தில் பதக்கம் பெறுகிறாள் என்றால் வரவேற்பு வளைவு கட்டுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், பத்திரிகையில் படம் போடுகிறோம். படம் போட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பிள்ளைக்கு முழங்கால் நொந்தால் காட்டுவதற்கு ஒரு விளையாட்டு வைத்தியர், கொழும்பில் தெரிவுக்குழு முன் அவள் சார்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேச ஒருவர், பயிற்சிக்கு ஈடு கொடுக்கும் இன்னும் ஆறு பேர், இவர்களை யார் தேடிக் கொடுப்பது? போருக்குப் பின் தந்தையற்ற குடும்பங்கள் நிறைந்த மண்ணில், பதக்கம் பெற்ற பிள்ளையே பல வேளைகளில் வீட்டின் உழைப்பாளியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

முரளிக்குக் கிடைத்தது ஒரு தலைவர் மட்டுமல்ல. ஓர் ஆய்வுகூடம், ஒரு சபை, ஓய்வைக் கணக்கிட்ட ஒரு தீர்மானம், ஸ்லிப்பில் நின்று 77 முறை பந்தைத் தவறவிடாத இரண்டு கைகள். இவையெல்லாம் கொழும்பிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கமும், ஒரு கழகமும், புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கமும் சேர்ந்தால், அடுத்த விழாவின் மேடைச் செலவை ஒரு பிள்ளையின் ஓராண்டுச் சத்துணவுக்கும் வைத்தியத்துக்கும் திருப்ப முடியும். அவளோடு ஆடும் மற்ற ஆறு பேருக்கும் அதே சப்பாத்தை வாங்கிக் கொடுக்க முடியும். அங்கிருந்து தொடங்கலாம்.