நள்ளிரவிலும் ஒளிரும் மேகம்

1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதமே சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது! கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் அதை ஆராய்ந்து எழுதினார்.

1885 கோடையில் ஐரோப்பாவில் இன்னொரு அதிசயம். பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்தும் வெள்ளி நீலமாக மேகங்கள் மின்னின. ஜெர்மனியின் ஓட்டோ யெஸ்ஸே படம் பிடித்து உயரத்தைக் கணக்கிட்டார். சுமார் 82 கிலோமீட்டர். (நம் ஊர் இடிமழை மேகம் மிஞ்சினால் 18!) எரிமலைதான் காரணம் என்றார்கள். சாம்பல் அடங்கிய பிறகும் மேகம் வந்துகொண்டேதான் இருந்தது...

1969-ல் ஓகோ-6 செயற்கைக்கோள் துருவத்தின் மேல் இதே படலத்தைக் கண்டது. இதற்கென்றே நாசா 2007 ஏப்ரல் 25-ல் அனுப்பியது 'எய்ம்'. விண்கல் தூசியைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே பனித்துகள் வளர்கிறது என்பதற்கு ஆதாரம் தந்தது. இரண்டு வருடத்துக்கென்று போனது, பேட்டரி கைவிட்ட 2023 வரை உழைத்தது. போட்ட முதலுக்கு எட்டு மடங்கு வரவு!

பாபநாசம் படித்துறையில் நின்று அண்ணாந்தால் இந்த மேகம் தெரியாது. துருவக் கோடையில் காற்று மேலெழுந்து விரிவதால் அந்த உயரம் மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே போகிறது. இங்கே அவ்வளவு குளிர் கிடையாது. ஆனால் அதே உயரத்தில் வீசும் காற்றை அளக்க, 1990-களில் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஒரு ரேடார் வைத்தது. திருச்செந்தூர் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?